பயணக் கேமராப் பைக்கு எடைதான் முதல் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கினாலே கேமரா விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. எல்லாவற்றிலும் மெகாபிக்சல்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக் கையிலிருக்கும் பணம் முழுவதையும் பாடியிலேயே (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவிலேயே) போட்டுவிட்டு, நல்ல லென்ஸுக்கும் உபரி பேட்டரிக்கும் காசில்லாமல் ஊர் கிளம்புகிறவர்கள் ஏராளம். தொழிலுக்காக இல்லாமல் ஆசைக்காகப் படம் எடுக்க வருகிற வாசகர்களுக்கு உதவும் என்றே இதை எழுதுகிறோம்.

முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள். லென்ஸ் பெயரில் 24-70 போன்ற எண்கள் எம்எம் கணக்கில் அதன் குவியத் தூரம்; எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தூரத்துப் பொருள் நெருங்கும். எஃப் என்பது லென்ஸ் திறக்கும் அளவு; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம். படம் பதிகிற சென்சார் பெரிதாக உள்ள ஃபுல் ஃபிரேம் பாடி ஏறக்குறைய 700 கிராம், 24-70 எஃப் 2.8 லென்ஸ் 800 கிராம், 70-200 எஃப் 2.8 லென்ஸ் 1,400 கிராம். பேட்டரி, சார்ஜர், பை எதையும் சேர்க்காமலே 3 கிலோவை நெருங்கிவிடுகிறது. உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான் அனுமதி. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) பாடி 400 கிராம், கேமராவோடு சேர்ந்தே வரும் 16-50 கிட் லென்ஸ் 120, 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் 150, 55-210 ஜூம் 350 என்று எடுத்துக்கொண்டால் மொத்தமே ஒரு கிலோதான். காலை ஆறு மணிக்குத் தோளில் மாட்டியது மதியம் இரண்டு மணிக்கும் தோளிலேயே இருக்க வேண்டும். கனம் தாங்காமல் லாட்ஜ் அறையில் விட்டுப்போன கேமரா எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் படம் தராது.

நூறு ரூபாய் இருந்தால் பாடிக்கு 45, லென்ஸுகளுக்கு 35, மற்றவற்றுக்கு 20 என்று பிரிப்பது எங்கள் கணக்கு. அந்த 35 ரூபாயில் முதலில் வாங்க வேண்டியது எஃப் 1.8 லென்ஸ். கிட் லென்ஸ் 35 எம்எம்மில் எஃப் 5 அளவுக்குத்தான் திறக்கும். எஃப் 1.8 அதைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இருண்ட கல் மண்டபத்தில் கிட் லென்ஸுக்கு ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு அளவு; ஏற ஏறப் படத்தில் புள்ளிகள் கூடும்) 6400 தேவைப்படுகிற இடத்தில் இதற்கு 800 போதும். தூணின் சிற்ப வேலைப்பாடு புள்ளி புள்ளியாகப் பொரிந்து போகாமல் கிடைக்கும்.

பெரிய கோபுரம் எடுக்க 10 எம்எம் வைட் லென்ஸ் கட்டாயம் வேண்டும் என்று கடைகளில் சொல்வார்கள். தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். கருவறைக்கு மேலுள்ள அதன் விமானம் சுமார் 66 மீட்டர் உயரம். ஏபிஎஸ்-சி கேமராவை நெட்டுவாக்கில், மேலே சாய்க்காமல் நேராகப் பிடித்தால் 18 எம்எம்மில் சுமார் 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 16 எம்எம்மில் 88 மீட்டர் போதும். பிராகாரத்தின் மூலைப் பக்கம் போனால் அந்தத் தூரம் கிடைக்கிறது. விமானத்தின் அடியிலேயே நின்று கேமராவை அண்ணாந்து பிடிப்பதால்தான் அது பின்னால் சாய்ந்து விழுவதுபோல் படத்தில் தெரிகிறது. அங்கே 10 எம்எம் மாட்டினாலும் சாய்க்கிற வரை சாய்வு போகாது. கொஞ்சம் தள்ளி நடந்தால் தீருகிற விஷயத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டாம்.

பேட்டரி குறைந்தது மூன்று வேண்டும். உபரி லித்தியம் பேட்டரிகளையும் பவர் பேங்கையும் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-ஹவர் (பேட்டரி தேக்கும் ஆற்றலின் அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. வோல்ட்டை எம்ஏஎச்சால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் வாட்-ஹவர் வந்துவிடும். 3.7 வோல்ட் கணக்கில் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-ஹவர்தான், கவலையில்லை. பேட்டரி முனைகளில் சில்லறைக் காசோ சாவியோ உரசினால் ஷார்ட் ஆகும், அதனால் மூடி போட்டு வையுங்கள். மெமரி கார்டு 128 ஜிபி ஒன்றைவிட 64 ஜிபி இரண்டு மேல்; ஒன்று கெட்டாலும் பாதிப் பயணம் மிஞ்சும். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) 30 எம்பி என்றாலும் ஒரு கார்டில் ஏறக்குறைய 2,000 படம் பிடிக்கும். போலிக் கார்டுகள் நிறைய வருகின்றன. மேலே 64 என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 8 கூட இருக்காது. கம்ப்யூட்டரில் கார்டு நிரம்பும் வரை ஃபைல்களைப் போட்டு, எல்லாம் திரும்பத் திறக்கிறதா என்று ஊருக்குப் போகும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

நம் ஊரில் கேமராவுக்கு முதல் எதிரி ஈரம். மாமல்லபுரத்திலோ ராமேஸ்வரத்திலோ இரவு முழுக்க ஏசி அறையில் கிடந்த கேமராவை விடிகாலையில் அப்படியே வெளியே எடுத்தால், குளிர்ந்த கண்ணாடியின் மேல் காற்றின் ஈரம் நீர்த்துளியாகக் கோத்துக்கொள்ளும். துடைக்கத் துடைக்க மறுபடி படரும். கண்ணாடி சூடேறும் வரை அது நிற்காது. அதற்குள் சூரியன் மேலே வந்துவிடும். ராத்திரியே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடிவிடுங்கள். காலையில் மூடிய கவரோடு வெளியே கொண்டுவந்து அரைமணி, முக்கால்மணி கழித்துத் திறந்தால் ஈரம் கவரின் மேலேயே நின்றுவிடும். மூடியைத் திறந்து லென்ஸ் மாற்றுவதும் அதற்குப் பிறகுதான்.

தனுஷ்கோடிக் காற்றில் உப்பும் மணலும் சேர்ந்தே வரும். அங்கே லென்ஸ் மாற்றவே கூடாது. திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் பாடியை ஒற்றி எடுத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். லென்ஸ் கண்ணாடியை முதலில் ப்ளோயரால் (பிதுக்கினால் காற்று வரும் ரப்பர் குமிழால்) ஊதாமல் துடைத்தால் மணல் கோடு போட்டுவிடும். ஜூம் வளையம் கரகரவென்றால் மேற்கொண்டு திருப்பாமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். சென்சாரில் தூசி இருக்கிறதா என்று பார்க்க, எஃப் 16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் கரும்புள்ளிகள் தெரியும். லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதலாம். வாயால் ஊதினால் எச்சில் துளி படிந்து, தூசியைவிடப் பெரிய தொல்லையாகிவிடும்.

வீட்டில் தோல் உறையோடு பீரோவுக்குள் வைப்பதுதான் லென்ஸில் பூஞ்சை பிடிக்க நேர்வழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டே மாதத்தில் கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் வெள்ளை இழை ஓடிவிடும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் இவை போதும். மீட்டர் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. ஜெல்லுக்குப் பதிலாக அரிசி போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அதன் மாவுத் தூசி எல்லா இடுக்கிலும் ஏறும். செகண்ட் ஹேண்டில் லென்ஸ் வாங்குகிறவர்கள் பின்புறமிருந்து டார்ச் அடித்து முன்புறம் வழியாகப் பார்த்தால் இந்த இழை கண்ணில் பட்டுவிடும்.

ட்ரைபாடை (கேமராவைத் தாங்கும் முக்காலியை)ப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். தெரியாமல் ஒன்றரை கிலோவைச் சுமந்து போய் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறவர்களைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது. அதற்குப் பதிலாகப் பயணத்துக்கு வெறும் துணிப்பை ஒன்றை மடித்து எடுத்துப் போங்கள். போன ஊரில் அரைக் கிலோ பருப்பு வாங்கி நிரப்பி, ஜீப் கம்பியிலோ பஸ் ஜன்னலிலோ வைத்து அதன்மேல் லென்ஸை அமர்த்தினால் கேமரா அசையாது. கிளம்பும்போது பருப்பை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கேமராவுக்கோ இடத்துக்கு இடம் விதி வேறு வேறாக இருக்கிறது. சுற்றுலாப் பக்கத்தில் பேருந்து வழியும் தங்கும் இடமும் தருகிறீர்கள். கூடவே கேமரா உள்ளே போகலாமா, கட்டணம் எவ்வளவு, ட்ரைபாடுக்கு யாரிடம் அனுமதி கேட்பது, பையைப் பத்திரமாக வைக்க இடம் உண்டா என்ற நான்கையும் இரண்டு வரியில் சேர்த்துப் போடுங்கள். எதை எடுத்துப் போவது, எதை வீட்டில் வைப்பது என்று கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே எங்களால் முடிவு செய்ய முடியும்.

இப்படிக்கு,
பயணப் புகைப்பட ஆர்வலர்கள்,
தஞ்சாவூர்