விலாசம் மாற்றினாயா, பிள்ளை?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம். நீ, குட்டியன், மருமகன் எல்லோரும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

பார்சலை உன் வேலையிட விலாசத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்கு அனுப்பினால் கதவடியில் வைத்துவிட்டுப் போகிறார்களாம், களவு போகிறதாம் என்று ராணி மாமி சொன்னா. அதற்காகத்தான், வேறு ஒன்றும் இல்லை. பருத்தித்துறை வடையும் நான் வறுத்துத் திரித்த மிளகாய்த்தூளும் இருக்கிறது. தூளை உடனே போத்தலில் போட்டு இறுக்கி மூடு. கடிதத்தை வடிவாக ஒருதரம் வாசி. போனில் சொன்னால் "சரியம்மா, சரியம்மா" என்று வைத்துவிடுவாய்.

வீட்டுப் போனை மாற்றப் போகிறோம். அப்பா ஒருமாதிரி ஒத்துக்கொண்டார். செப்புக் கம்பி லைனை விடமாட்டேன் என்று அவர் நின்ற நிலை உனக்குத் தெரியும்தானே. 2003 ஆகஸ்ட் 14ஆம் திகதி கரண்ட் போய் ரொறன்ரோவே இருண்டு கிடந்தபோது, எங்கள் நிலக்கீழ் அறையில் இருந்த பழைய வயர் போன் மட்டும் வேலை செய்த கதையை வருகிற ஆட்களுக்கெல்லாம் இன்றைக்கும் சொல்லுவார். அதில் பொய் இல்லை. அந்த லைனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் உள்ள பெற்றறியில் இருந்து கம்பி வழியாகவே வரும், வீட்டில் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். இன்ரநெற் போன் அப்படி இல்லை. மொடம் அணைந்தால் போனும் அணைந்துவிடும். ஆனால் மாதா மாதம் இவ்வளவு காசைக் கட்டிக் கதைக்கிறது யார்? நான் ஒருத்தி. அவருக்குக் காதும் கேட்காது, கதைக்கவும் பொறுமை இல்லை.

தம்பி ஒரு சனிக்கிழமை வந்திருந்து மூன்று வழி காட்டினான். கேபிள் கொம்பனி தங்கள் வயரில், தங்கள் மொடத்தில் தருகிற வீட்டுப் போன் ஒன்று. மற்றது உன்னிடம் இருக்கிற மாதிரி இன்ரநெற் போன் பெட்டி, கடையில் வாங்கி றவுட்டரில் கொழுவி, பழைய போனின் வயரை அதன் பின்னால் செருகினால் சரி. மூன்றாவது, அடப்ரரைத் தனியாக வாங்கி, காசை முன்னதாகப் போட்டு, கதைக்கிற நிமிடத்துக்குக் கழிக்கிற முறை. மலிவு என்று பார்த்தால் அதுதான். ஆனால் செற்றிங் எல்லாம் நாங்களே போடவேண்டும். தம்பி போட்டுத் தருவான். பிழைத்துப்போனால் அஜாக்ஸில் இருந்து யார் ஓடிவருவது? அவனுக்கும் வீடு, பிள்ளைகள், இரவு வேலை.

"உலகம் முழுக்க இலவசம்" என்று போட்டிருக்கிறதை நம்பி ஏமாறக் கூடாது. எந்த நாடுகள் என்று பட்டியலை விரித்துப் பார்க்கவேண்டும். நான் பார்த்த ஒன்றில் இந்தியா இருந்தது, இலங்கை இல்லை. லண்டனில் வீட்டுப் போனுக்குக் காசில்லை, கைத்தொலைபேசிக்கு எடுத்தால் காசு. இப்போது லண்டனில் வீட்டுப் போன் வைத்திருக்கிறது யார், சொல்லு பார்ப்போம். எனக்கு வேண்டியது 021, யாழ்ப்பாணம். பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப் ஒத்துவராது, காதில் வைத்துக் கதைக்கிற போன்தான் வேண்டும். இன்றைக்கு எடுக்காவிட்டால் நாளைக்குக் காலையில் இருந்து வாசல் பார்த்துக்கொண்டு இருப்பா.

நம்பரை விடமுடியாது என்றும் சொல்லிவிட்டேன். எந்தெந்த ஊரில் யார் யாருடைய கொப்பியில் இந்த 416 நம்பர் எழுதி இருக்கிறதோ. பழைய லைனை நாங்களாக வெட்டச் சொல்லக் கூடாதாம், வெட்டினால் நம்பரும் போய்விடுமாம். புதிய கொம்பனிதான் அதைத் தன் பக்கம் இழுக்கவேண்டும், இழுத்து முடியும்வரை பழையது உயிரோடு இருக்கவேண்டும். எதிர்வீட்டுக்காரருக்கு இன்ரநெற்றும் அதே போன் கம்பியில்தான் வந்துகொண்டிருந்தது. நம்பர் போன அன்று இன்ரநெற்றும் சேர்ந்து போய்விட்டது. புதிய பெட்டியைக் கொழுவ இன்ரநெற் இல்லை, இன்ரநெற் கேட்டு எடுக்கப் போன் இல்லை. எங்களுக்குக் கேபிளில் வருகிறபடியால் அந்தப் பயம் இல்லை.

அப்பாவின் கழுத்துப் பொத்தான் இருக்கிறதே, விழுந்தால் அமர்த்துகிறது, அது பழைய லைனுக்கென்று செய்ததாம். இன்ரநெற் போனில் சிலவேளை வேலை செய்யாது. அதையும் அந்தக் கொம்பனியிடம் கேட்கவேண்டும். அவர் அதைக் கழுத்தில் போடாமல் ஆணியில் கொழுவி வைத்திருக்கிறார், அது வேறு கதை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

தம்பி அவசரத்துக்கு அடிக்கிற 911ஐப் பற்றி விளங்கப்படுத்தினபோது எனக்கு உன்னுடைய பெட்டிதான் ஞாபகம் வந்தது. இங்கே மார்க்கம் நகரில் இருந்தபோது வாங்கின அதே பெட்டியைத்தானே கல்கரிக்கும் கொண்டுபோனாய். நாங்கள் அதே 647 நம்பருக்கு உள்ளூர்க் கணக்கில் எடுத்துக் கதைக்கிறோம், நல்லதுதான். அதைக் கொழுவுகிற இடத்தில் அந்த நம்பர் அடிக்கும். கல்கரியில் கொழுவினாலும் அடிக்கும், காட்டில் கொழுவினாலும் அடிக்கும். எடுக்கிற எங்களுக்கு நீ எங்கே இருந்து கதைக்கிறாய் என்று தெரியவராது. அது 911க்கும் தெரியவராதாம். அதுதான் என் நித்திரையைக் கெடுக்கிறது.

பழைய லைனில் 911 அடித்தால் விலாசம் தானாகவே அவர்களின் திரையில் வந்துவிடும். கேபிள் கொம்பனியின் போனிலும் அப்படித்தான், அது வீட்டோடு கட்டின போன். உன்னுடையது போன்ற பெட்டியில் இருந்து அடித்தால் முதலில் வேறொரு கோல் சென்ரருக்குப் போகும். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டு, அதற்குப் பிறகுதான் அந்த ஊர் ஆட்களுக்கு மாற்றிவிடுவார்கள். கதைக்க முடியாமல் போனால், அல்லது லைன் அறுந்தால், கொம்பனியில் கடைசியாகப் பதிந்து வைத்த விலாசத்துக்குத்தான் ஆளை அனுப்புவார்கள். 2005இல், போன் கொம்பனிகளுக்குச் சட்டம் போடுகிற சி.ஆர்.டி.சி., இன்ரநெற் போன் கொம்பனிகள் எல்லாம் 911 தரத்தான் வேண்டும் என்று உத்தரவு போட்டது. அவர்கள் தருகிறார்கள். ஆனால் நீ இடம் மாறினால் விலாசத்தைப் புதுப்பிக்கவேண்டியது நீதான். அவர்களுக்குக் கனவிலா தெரியும்?

2008 ஏப்ரலில் நடந்ததைத் தம்பி வாசித்துக் காட்டினான். நீங்கள் இருக்கிற அதே கல்கரியில்தான். மிசிசாகாவில் இருந்து குடிபெயர்ந்து போன ஒரு குடும்பம். ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கடுமையாகி 911 அடித்திருக்கிறார்கள். அம்புலன்ஸ் மிசிசாகாவில் பழைய விலாசத்துக்குப் போயிருக்கிறது. இவர்கள் கல்கரியில் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பிறகு பக்கத்து வீட்டு லைனில் இருந்து அடித்த பிறகுதான் வந்தது. பிள்ளை தப்பவில்லை. தம்பி மடிக்கணினியை மூடிவிட்டான். அப்பா எழும்பி வெளியே போய்விட்டார்.

குட்டியனுக்கு மூச்சு முட்டு வந்தால் எப்படி வரும் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. பம்ப் எப்போதும் கையில் இருக்கட்டும். விலாசத்தை மாற்று.

நீ சொல்லுவாய், கல்கரிக்கு வந்த உடனேயே மாற்றிவிட்டேன் என்று. மாற்றியிருப்பாய், நீ கெட்டிக்காரி. எங்கள் வீட்டில் முதன்முதலாக இன்ரநெற் போன் கொண்டுவந்ததே நீதான். நாங்கள் கோலிங் கார்ட் வாங்கி, சில்லறையால் சுரண்டி, அந்த நீள நம்பரை மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது, "இதெல்லாம் தேவையில்லை அம்மா" என்று முதல் சம்பளத்தில் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து வைத்தாய். அன்றைக்கு அப்பா எத்தனை பேருக்கு எடுத்து "மகள் எஞ்சினியர்" என்று சொன்னார் தெரியுமா? கதைக்கப் பொறுமை இல்லாத மனுசன்.

நான் கேட்கிறது வந்த உடனே மாற்றினதைப் பற்றி அல்ல. இப்போது என்ன விலாசம் பதிந்திருக்கிறது என்று.

ஏன் கேட்கிறேன் என்றால், கிட்டடியில் உன்னோடு கதைக்கும்போது குரல் விட்டுவிட்டு வருகிறது. முந்தி அப்படி இல்லை. தம்பியிடம் கேட்டேன். ஒரு பேச்சுக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 90 கிலோபிற் வேகம் இருந்தால் போதுமாம், ஆகவே வேகம் காணாது என்று சொல்ல முடியாது என்றான். பெட்டியை வைஃபையில் விட்டிருந்து, சுற்றிவர எல்லா வீட்டு வைஃபையும் ஒன்றோடொன்று இடிபட்டால் அப்படி அறுந்து வருமாம். அது பெரும்பாலும் அப்பார்ட்மென்ட் கட்டடங்களில்தான் என்றான். நீங்கள் இருக்கிறது தனி வீடு அல்லவா. நான் ஒன்றும் சொல்லவில்லை. எப்படியானாலும் பெட்டியை வயரால் கொழுவு, சரியாகிவிடும்.

ரயில் மணியும் கேட்கிறது. சி-ட்ரெயின் கடவையில் அடிக்கிற மணி, நான் வந்திருந்தபோது நகரத்தில் கேட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பக்கம் ரயில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வயது போகிறது, மறந்திருப்பேன். மருமகன் எங்கே என்றால் வேலை என்கிறாய். ஞாயிற்றுக்கிழமையும் வேலைதான். பாவம், நன்றாகக் கஷ்டப்படுகிறார். ராணி மாமி உன்னைக் குட்டியனோடு எங்கேயோ கண்டதாகச் சொல்லத் தொடங்கினா, நான் பேச்சை மாற்றி வடைக்குப் போய்விட்டேன். அவவின் வாய் தெரியும்தானே. அப்பாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மாதத்தில் ஒருதரம் எடுத்துக் கதைக்கிறாய், அதுவும் நான் இரண்டுதரம் எடுத்த பிறகு. இங்கே தம்பியின் மனுசி கிழமைக்கு நாலுதரம் தன் தாய்க்கு எடுக்கிறாள், என் காதுபடத்தான். சரி, அதை விடு. உனக்கு வேலை, பிள்ளை, பனி. நீ ஒருத்தியாக எல்லாவற்றையும் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? ஒருத்தியாக என்று ஏன் எழுதினேன் என்று கேட்காதே, கை போன போக்கு.

எங்களுடைய முடிவையும் சொல்லிவிடுகிறேன். கேபிள் கொம்பனியின் போனைத்தான் எடுக்கிறோம். பெட்டியைவிட மாதக்காசு கொஞ்சம் கூட, இலங்கைக்குத் தனியாக ஒரு திட்டம் போடவேண்டும். ஆனால் நாங்கள் இனி இந்த வீட்டை விட்டு எங்கேயும் போகப்போகிற ஆட்கள் அல்ல. அசையாத ஆட்களுக்கு அசையாத போன். பெட்டி இடம் மாறுகிறவர்களுக்குத்தான் நல்லது, இடம் மாறினதைச் சொல்லிவிட்டால். தம்பி ஒரு யு.பி.எஸ். வாங்கித் தருகிறான், கரண்ட் போனால் மொடம் ஒன்றிரண்டு மணித்தியாலம் தாங்குமாம். 2013 கிறிஸ்மஸுக்கு முன் அந்த ஐஸ் புயலில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்த வீடுகளுக்கு அது என்னத்துக்குக் காணும் என்று அப்பா கேட்கிறார். கைத்தொலைபேசி இருக்கிறது என்றால், 2022 ஜூலையில் ஒரு கொம்பனியின் வலை நாடு முழுக்க விழுந்து கைத்தொலைபேசியும் இன்ரநெற்றும் சேர்ந்து படுத்ததைச் சொல்கிறார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு திகதி இருக்கிறது. அதனால் வீட்டு இன்ரநெற் ஒரு கொம்பனி, கைத்தொலைபேசி வேறு கொம்பனி என்று வைத்துக்கொண்டோம். நீயும் அப்படி வை.

குட்டியனுக்கும் 911 அடிக்கவும் தன் விலாசத்தைச் சொல்லவும் பழக்கு. இலக்கம், தெரு, அப்பார்ட்மென்ட்டானால் எத்தனையாம் நம்பர் என்றும். ஏழு வயதுப் பிள்ளை பாடமாக்கிவிடும். இப்போது இருக்கிற விலாசத்தை.

உன் கணக்குக்குள் போனால் 911 விலாசம் என்று தனியாக ஒரு பெட்டி இருக்குமாம். பில் போகிற விலாசம் வேறு, இது வேறு. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. சில கொம்பனிகளில் 933 அடித்தால் பதிந்திருக்கிற விலாசத்தை வாசித்துச் சொல்லுமாம். உன்னுடையதில் இருக்கிறதா என்று பார். எந்தத் தெருவைச் சொல்கிறது என்று நீ கேள். எனக்குச் சொல்லவேண்டாம் பிள்ளை. உனக்குச் சொல்ல மனம் வருகிற நாளில் சொல்லு. அந்தக் கொம்பனிக்காரனுக்கு மட்டும் இன்றைக்கே சொல்லிவிடு.

உன் அறையில் இருந்த தையல் மெசினையும் பெட்டிகளையும் எடுத்துவிட்டேன். தூசு பிடிக்கிறது என்று.

வருகிற வியாழக்கிழமை நம்பரை மாற்றுகிறார்கள். அன்றைக்கு எங்கள் போன் கொஞ்ச நேரம் அடிக்காமல் இருக்கலாம், பயப்படாதே, என் கைத்தொலைபேசிக்கு எடு. பார்சல் கிடைத்ததென்று எழுதாவிட்டாலும் பரவாயில்லை. விலாசத்தை மாற்றியதும் "மாற்றிவிட்டேன்" என்று ஒரு மெசேஜ் போடு. அந்த ஒரு சொல் போதும். எத்தனை மணியானாலும் போடு, நான் முழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா