பழைய தபால்தலைத் தளங்கள் மறைந்தால் போலிக்காரர்களுக்குத்தான் லாபம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரிஷியஸ் தபால்தலை என்றாலே 1847-இல் வெளிவந்த 'போஸ்ட் ஆபீஸ்' தலைகளைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். போர்ட் லூயிஸ் ப்ளூ பென்னி மியூசியத்தில் மணிக்குச் சில நிமிடங்கள்தான் விளக்குப் போட்டு அசலைக் காட்டுகிறார்கள். அவ்வளவு கவனம் வேண்டியதுதான். ஆனால் நம்மைப் போன்ற சாதாரண சேகரிப்பாளர்கள் வாங்குவதும் ஏமாறுவதும் வேறு தலைகளில்.

சீஷெல்ஸுக்குச் சொந்தத் தபால்தலை வந்தது 1890-இல்தான். அதுவரை நம் மொரிஷியஸ் தபால்தலைகளைத்தான் அங்கே ஒட்டினார்கள். ரோட்ரிக்ஸ் தீவிலும் அப்படியே. தலையின் மேல் தபால் நிலையத்தில் குத்தும் முத்திரையில், இங்கே குத்தியதென்றால் பி53 (B53) என்றிருக்கும், சீஷெல்ஸில் பி64, ரோட்ரிக்ஸில் பி65. தலை ஒன்றுதான், முத்திரையில் உள்ள எண்ணைப் பொறுத்து விலை எங்கேயோ போய்விடும். ஆகவே போலி முத்திரை குத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள். 1848-இன் 'போஸ்ட் பெய்ட்' தலைகளிலும் இதே சிக்கல். ஒரே தகட்டில் வருடக்கணக்கில் அச்சடித்ததால் கோடுகள் தேய்ந்துகொண்டே போயின. தொடக்கத்தில் அச்சானதற்கும் தேய்ந்தபின் அச்சானதற்கும் விலையில் பெரிய வித்தியாசம். அசலையும் போலியையும் பெரிதாக ஸ்கேன் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கண் பழகும்.

அப்படிப்பட்ட படங்களை இலவசமாக இணையத்தில் போட்டு வைத்தவர்கள் ஆர்வலர்களே. அந்தத் தளங்கள்தான் ஒவ்வொன்றாகப் போகின்றன. இலவசமாகச் சொந்தப் பக்கம் போட இடம் தந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009 அக்டோபரில் மூடியபோது எத்தனையோ தனிமனிதர்களின் பக்கங்கள் அதோடு போயின. 2017-இல், பலர் தங்கள் படங்களை ஏற்றி வைத்திருந்த ஃபோட்டோபக்கெட் தளம் திடீரென்று கட்டணம் கேட்டதில், பல பக்கங்களில் எழுத்து மட்டும் நின்றது, படம் போய்விட்டது. முத்திரையைப் பற்றிய கட்டுரையில் முத்திரையின் படம் இல்லையென்றால் அதை வைத்து என்ன செய்வது?

இன்னொரு ஆபத்தும் உண்டு. தளம் நடத்தியவர் காலமாகிவிடுவார், கடவுச்சொல் வீட்டாருக்குத் தெரியாது, டொமைனுக்கு, அதாவது தளத்தின் இணையப் பெயருக்கு, பணம் கட்ட ஆளிருக்காது. பெயர் காலாவதியானதும் வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள். பழைய லிங்க்கை நம்பிப் போகிறவர் சூதாட்டப் பக்கத்திலோ, கார்டு எண் கேட்கும் போலிக் கடையிலோ போய் நிற்பார். வெளிநாட்டுப் பார்சலுக்காக எப்போதும் காத்திருக்கும் கூட்டம் நாம். "உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, சிறு தொகை கட்டுங்கள்" என்று எஸ்எம்எஸ் வந்தால் மற்றவர்களைவிட நாம்தான் சீக்கிரம் தட்டிவிடுவோம். தயவுசெய்து தட்டாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுச் சும்மா இருக்காமல், இணையக் குற்றங்களைப் புகார் செய்வதற்கான அரசின் மாகோர்ஸ் (MAUCORS) தளத்தில் உடனே புகார் கொடுங்கள்.

தளம் வைத்திருக்கும் நண்பர்கள் முகவரி, கடவுச்சொல், புதுப்பிக்கும் தேதி மூன்றையும் எழுதி, நம்பகமான ஒருவரிடம் இன்றே கொடுத்து வையுங்கள். வாசிப்பவர்கள் நல்ல பக்கம் கண்ணில் பட்டால் இணையப் பக்கங்களின் நகலைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்துவிடுங்கள். அப்புறம் பிடிஎஃப் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் வேபேக் மெஷினை நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவே 2024 அக்டோபரில் தாக்கப்பட்டுச் சில நாட்கள் முடங்கியது, சுமார் 3.1 கோடிக் கணக்குகளின் விவரங்கள் கசிந்தன. அங்கே கணக்கு வைத்திருந்தவர்கள் கடவுச்சொல்லை இன்னும் மாற்றவில்லை என்றால் உடனே மாற்றுங்கள், அதே சொல்லை வேறெங்கும் பயன்படுத்தியிருந்தால் அங்கேயும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

தனிமனிதர்கள் மட்டும் செய்து முடிகிற வேலை இல்லை இது. மொரிஷியஸ் தபால்தலை பற்றி எஞ்சியுள்ள பக்கங்களின் நகலை நம் தேசிய நூலகம் கேட்டு வாங்கிப் பாதுகாக்க வேண்டும். உங்கள் இதழிலும் மாதம் ஒரு முத்திரையின் அசலையும் போலியையும் பெரிய படமாக அச்சிட்டால் நன்றாயிருக்கும். ஆசிரியர் சம்மதித்தால் பி53, பி64 ஸ்கேன்களை நானே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தபால்தலை சேகரிக்கும் வாசகர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்