தழும்பைப் பற்றி நீ கேட்டது

அன்புள்ள கவிதா,

உன் கடிதம் கிடைத்தது. தம்பிதான் வேண்டும் என்று அடம்பிடித்த மூத்தவள் இப்போது தங்கையை யார் கையிலும் கொடுக்க மறுக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். ஹாஸ்டலில் நீயும் உன் போர்வையை யாருக்கும் தரமாட்டாய். பிள்ளை வேறு எப்படி இருக்கும்?

பக்கம் பக்கமாகக் குழந்தைகளைப் பற்றி எழுதிவிட்டு, உன்னைப் பற்றிக் கடைசியில் அவசரமாக நாலே வரி. சிசேரியனுக்குத் தையல் போட்ட இடத்துக்கு மேலே மரத்துக் கிடக்கிறது, நிமிரும்போது இடது ஓரத்தில் மட்டும் சுருக்கென்று இழுக்கிறது, குளிக்கும்போது கை தானாகவே அந்த இடத்தைத் தவிர்த்துவிடுகிறது. அப்புறம், யாரோ ஒருவர் ‘உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் கையாலேயே பிரித்துவிடுவேன், பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கட்டுங்கள்’ என்கிறார், போகலாமா என்று ஒரு கேள்வி.

பணம் கட்டாதே. அதற்காகத் தழும்பைக் கையால் நீவித் தளர்த்தும் வைத்தியமே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. முட்டியும் தோள்பட்டையுமாக இருந்த என் பிசியோ வேலை இப்போது பெரும்பாலும் பிள்ளை பெற்றவர்களோடுதான். தழும்பில் கை வைப்பது என் தினசரிப் பிழைப்பு. அதனால் அவர் சொல்வதில் எது நிஜம், எது கதை என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். குழந்தை தூங்கும்போது படி.

வெளியே தெரிவது ஒரே ஒரு கோடு. உள்ளே அப்படி இல்லை. தோல், அதன் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே வயிற்றுத் தசையை மூடியிருக்கும் கெட்டியான வெள்ளை உறை, பிறகு தசை, வயிற்றின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு, கடைசியில் கர்ப்பப்பை. இத்தனையையும் தாண்டித்தான் குழந்தையை எடுக்கிறார்கள். ‘தசையை வெட்டிவிட்டார்கள், அதனால்தான் வயிற்றில் பலமே இல்லை’ என்று பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் தசையை வெட்டுவதில்லை, நடுவில் பிரித்து இரண்டு பக்கமும் விலக்குகிறார்கள். தோலிலும் உறையிலும் வெட்டு குறுக்கே, தசை விலகுவது நெடுக்கே. அடிவயிற்றில் இப்படிக் குறுக்கே வெட்டும் முறையை 1900-இல் விவரித்து எழுதியவர் ஃபானென்ஸ்டீல் என்ற ஜெர்மன் மருத்துவர். ஆபரேஷன் குறிப்புகளில் இன்றும் அவர் பெயர் இருக்கும். உனக்கு இரண்டாவது முறையும் பெரும்பாலும் அதே கோட்டில்தான் திறந்திருப்பார்கள். ஒருமுறை ஆறிய இடம் மறுபடி ஆற வேண்டியிருக்கிறது, அதற்கு நேரம் கொடு.

மரத்துப்போனதைப் பற்றிப் பயப்படாதே. தோலுக்கு வரும் மெல்லிய நரம்புகள் வெட்டில் அறுபடுகின்றன. பலருக்குச் சில மாதங்களில் உணர்ச்சி திரும்பும், சிலருக்கு ஒரு வருடம் தாண்டும், கோட்டுக்கு மேலே ஒரு சின்னப் பட்டை மட்டும் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. திரும்பி வரும்போது எறும்பு ஊர்வது போலவும் அரிப்பாகவும் இருக்கும். வந்தால் நல்லதுதான்.

சரி, தழும்பு ஏன் இழுக்கிறது? நல்ல தோலில் கொலாஜன் என்ற புரத இழைகள் பாய் முடைந்தது போலக் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும், அதனால் எந்தப் பக்கம் இழுத்தாலும் கொடுக்கும். காயத்தை மூடும் அவசரத்தில் உடம்பு அந்த இழைகளை நெருக்கமாக, பெரும்பாலும் ஒரே திசையில் போட்டுவிடுகிறது. மூன்று வாரத்தில் தழும்புக்குப் பழைய தோலின் பலத்தில் ஏறக்குறைய 20 சதவீதம்தான் இருக்கும். முழுக்க ஆறிய பிறகும் 80 சதவீதத்தைத் தாண்டாது. ஆனால் இழைகளைக் கரைத்து மாற்றி அடுக்கும் வேலை ஒரு வருடத்துக்கும் மேலே நடந்துகொண்டே இருக்கும். அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போக வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று சேர்ந்து ஒட்டிக்கொண்டால், நீ நிமிரும்போது எல்லாம் ஒரே துண்டாக வருகிறது. உன் இடது ஓரத்தில் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் ‘இருக்கும்’ என்று கடிதத்தில் சொல்வதற்கும் பார்த்துச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கை வைத்தியத்தில் நாங்கள் என்ன செய்கிறோம்? மல்லாந்து படுக்க வைத்து முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்போம், வயிறு தளரும். முதலில் என் கை போகாது. அவரவர் உள்ளங்கையை அவரவரே தழும்பின் மேல் வைத்து, வயிறு எழும்பி இறங்குகிற மாதிரி மூச்சு விட வேண்டும். சிலருக்கு முதல் நாள் இதோடு சரி. அடுத்து தழும்பை விட்டுத் தள்ளி, இடுப்பெலும்பு ஓரத்திலும் தொப்புளுக்குக் கீழேயும் தொடங்கி மெதுவாக நெருங்குவேன். எண்ணெய் போடுவதில்லை. எண்ணெய் இருந்தால் விரல் தோலின் மேல் வழுக்கும். எனக்கு வேண்டியதோ விரலோடு தோலும் நகர்வது. இரண்டு மூன்று விரலின் தட்டையான பகுதியைக் கோட்டின் மேலே பதித்து, மேலே, கீழே, இடமாக, வலமாக, சுற்றிலும் தள்ளிப் பார்ப்பேன். ஒரு திசையில் மட்டும் சட்டென்று நின்றுவிடும். அங்கே அழுத்திப் பிடித்து இழுக்காமல், நின்ற இடத்திலேயே விரலை வைத்துக் காத்திருந்தால் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் கொஞ்சம் கொடுக்கும். சில வாரம் கழித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோலைத் தூக்கி உருட்டுவது. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. லேசாகச் சிவந்து சீக்கிரம் மறைந்தால் சரி. மறுநாள் வரை வலித்தால் அதிகம் செய்துவிட்டோம் என்று அர்த்தம்.

இதை நீயே வீட்டில் தினமும் ஐந்து பத்து நிமிடம் செய்யலாம். உண்மையில் நீ செய்வதுதான் முக்கியம், வாரத்துக்கு ஒருநாள் நான் செய்வது வழிகாட்டத்தான். காயம் முழுக்க மூடி, பொருக்கு எதுவும் இல்லாமல், டாக்டரும் பார்த்துச் சரி என்ற பிறகு, பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் தொடங்குவார்கள். உனக்கு ஐந்து மாதம் ஆகிறது. வருடங்கள் கழித்துத் தொடங்குபவர்களும் இருக்கிறார்கள்.

மரத்த இடத்துக்கு வேறு பயிற்சி. பஞ்சு, மெல்லிய துணி, சொரசொரப்பான துண்டு என்று வரிசையாக எடுத்து முதலில் தொடையில் தடவி அது எப்படி இருக்கிறது என்று கவனி, பிறகு அதே துணியால் தழும்பின் மேலே. சின்ன விஷயம்தான். பாவாடை நாடா அங்கே பட்டாலே கூசுகிறவர்களுக்கு இதிலேயே பாதி தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தப் பத்து சிட்டிங் ஆளுக்கு வருவோம். வயிற்றுக்குள்ளே கர்ப்பப்பையும் சிறுநீர்ப்பையும் வயிற்றுச் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு, அதில் பொய் இல்லை. ஆனால் மறுபடி வயிற்றைத் திறக்கும்போது அறுவை மருத்துவர் நேரே கண்ணால் பார்த்து, கத்தரியால் பிரிக்க வேண்டிய சமாசாரம் அது. தோல், கொழுப்பு, உறை, தசை எல்லாவற்றுக்கும் வெளியே இருந்து அழுத்துகிற விரல் அதைப் பிரித்துவிட்டது என்றால் எப்படித் தெரிந்தது என்று கேள். சாதாரண ஸ்கேனிலேயே பெரும்பாலும் அது நேராகத் தெரியாது. 2012-இல் எலிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. ஆபரேஷன் ஆன உடனேயே வயிற்றை மெதுவாக அசைத்துக் கொடுத்த எலிகளுக்கு ஒட்டுதல் குறைவாக இருந்தது. இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எலியின் வயிற்றுச் சுவர் எவ்வளவு, நம்முடையது எவ்வளவு?

மனுஷிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் சின்னவை. 2018-இல் ஒன்று, சிசேரியனுக்குப் பிறகு வலி தீராமல் இருந்த 30-க்கும் குறைவான பெண்களை வைத்து. ஒரு கூட்டத்துக்கு மேலோட்டமாகத் தோலை மட்டும், இன்னொரு கூட்டத்துக்கு ஆழமாகவும் செய்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வலி குறைந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. ஆழமாக அழுத்தி உள்ளே எதையோ கிழிப்பதால்தான் குணமாகிறது என்றால், மேலோட்டமாகச் செய்தவர்களுக்கு ஏன் குறைந்தது? தோல் அடுக்குகள் தளர்வதும், பயந்து பூட்டி வைத்த இடத்தில் மறுபடி தொடு உணர்ச்சி போவதும், மூளை அதை ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்வதும் சேர்ந்துதான் வேலை செய்கிறது என்று நான் நினைக்கிறேன். அதற்கு அடிவயிற்றைப் போட்டுப் பிசைய வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொட்டதும் அழுகிறவர்கள் உண்டு. தழும்பில் உணர்ச்சிகள் தங்கியிருக்கின்றன, கை வைத்தால் வெளியே வரும் என்று எங்கள் துறையிலேயே சிலர் பேசுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவசரமாக ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், யாரும் எதுவும் விளக்கவில்லை, ‘குழந்தை நல்லபடியாக இருக்கிறதே, அப்புறம் என்ன’ என்று எல்லோரும் வாயை அடைத்துவிட்டார்கள். முதல்முறையாக ஒருத்தி பொறுமையாக உட்கார்ந்து கேட்கிறாள் என்றால் அழுகை வராமல் என்ன செய்யும்? உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன கணக்குப்படி ஐந்தில் ஒரு பிரசவத்துக்கு மேல் சிசேரியன். இத்தனை பேருக்கு நடக்கும் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு ‘இப்படித் தொடு, இப்படி அசை’ என்று சொல்லி அனுப்ப ஆள் இல்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

சரி, உன் இடது ஓரம். விரல் வைப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில. இருமும்போதோ நிற்கும்போதோ அங்கே புடைத்துக்கொண்டு வந்து, படுத்தால் உள்ளே போகிறதா? குடலிறக்கமா என்று டாக்டர் பார்க்க வேண்டும். பீரியட்ஸ் திரும்பிய பிறகு, அந்த நாட்களில் மட்டும் ஓரத்தில் கட்டி போல வீங்கி வலிக்கிறதா? கர்ப்பப்பையின் உட்பூச்சுத் திசு தழும்பில் தங்கிவிடுவது உண்டு. அதற்கு ஸ்கேனும், தேவைப்பட்டால் ஆபரேஷனும்தான், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒரே ஒரு புள்ளியில் விரலால் தட்டினால் ஷாக் அடித்தது போலத் தொடை இடுக்குக்கு ஓடுகிறதா? வெட்டின் இரண்டு ஓரத்திலும் நரம்பு போகிறது, அது தையலிலோ தழும்பிலோ மாட்டிக்கொண்டிருக்கலாம். மரப்பு ஊசி போட்டுப் பார்த்து உறுதி செய்வார்கள், பலருக்கு அந்த ஊசியிலேயே வலி குறைகிறது. பீரியட்ஸ் முடிந்த பிறகும் பழுப்பாகக் கசிந்துகொண்டே இருந்தால் அது கர்ப்பப்பைத் தழும்பில் பள்ளம் விழுந்ததாக இருக்கலாம், என்னைப் போன்றவர்களின் விரல் எட்டாத இடம் அது. காய்ச்சல், சிவப்பு, நீர் வடிதல் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஓடு.

தழும்பு தடித்திருந்தால் சிலிகான் ஷீட் போடலாம், ஒரு நாளில் 12 மணி நேரமாவது, இரண்டு மூன்று மாதம். வெட்டின் எல்லையைத் தாண்டிப் பரவி வளர்ந்தால் அது கீலாய்டு, தோல் டாக்டரிடம் போ. கோட்டுக்கு மேலே மடிந்து தொங்கும் வயிற்றை மசாஜ் கரைக்காது. ஒட்டிய தோல் தளர்ந்தால் மடிப்பின் பள்ளம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதையும் அந்த ஆள் விளம்பரத்தில் போட்டிருப்பார், பார்.

என் பக்கம் செய்தி என்று பெரிதாக இல்லை. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. இப்போது வீட்டில் இருக்கும் தூசி எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிகிறது, எனக்குத்தான் நிம்மதி போயிற்று. நான் நீச்சல் கற்றுக்கொள்ளச் சேர்ந்திருக்கிறேன், இந்த வயதில் எட்டு வயதுப் பிள்ளைகளோடு. அவர்கள் எனக்கு அறிவுரை சொல்கிறார்கள்.

முதலில் உன் டாக்டரிடம் இடது ஓரத்தைக் காட்டு. மேலே சொன்னது எதுவும் இல்லை என்றால் அடுத்த ஞாயிறு மதியம் வீடியோவில் கூப்பிடு. கூப்பிடுவதற்கு முன்னால் குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிடு, கதவைச் சாத்திக்கொள், இரண்டு தலையணை எடுத்து வை, நகம் வெட்டியிரு. மற்றதை நான் சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
உன் செல்வி