குடியிருப்போர் நலச் சங்கம் – செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, குப்பை வண்டி, மரக்கன்று எல்லாம் சென்ற ஆண்டு போலத்தான். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குச் சொல்ல இருப்பது நம் போர்வெல் தண்ணீரில் ரசாயனம் கலந்திருக்கும் விஷயம்.

மூடிக்கிடக்கும் பட்டறையில் இரும்புச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க டிரைகுளோரோஎத்திலீன் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தினார்கள். அதுதான் நம் தண்ணீரில் இருக்கிறது. தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமான திரவம் அது. நிலத்தடி நீரையும் தாண்டி அடியில் போய்த் தங்கிவிடும். விடிய விடிய மோட்டார் ஓட்டியும் பலன் இல்லாததற்கு அதுதான் காரணம்.

முதல் ஆறு மாதம் வீண். பொறுப்பு என்னுடையது. மணல் தொட்டியில் வடிகட்டிய தண்ணீரை வாளியில் பிடித்து, பிளாஸ்டிக் கேனில் பாதி ஊற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். நல்ல முடிவு வந்தது. "மணலே போதும்" என்று நோட்டீஸ் போர்டில் எழுதியும்விட்டேன். உண்மையில் அந்த ரசாயனம் வாளியிலிருந்தே காற்றில் பறந்திருக்கிறது! அப்புறம் ஆய்வகத்துத் தம்பி சொல்லிக் கொடுத்தார்: 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் விளிம்புக்கு மேல் தண்ணீர் குமிழ்ந்து நிற்கும்வரை நிரப்பி, மூடி, தலைகீழாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு காற்றுக்குமிழி தெரிந்தாலும் மறுபடி பிடிக்க வேண்டும். அப்படி எடுத்தபோது மணலுக்கு முன்னும் பின்னும் ஒரே அளவுதான்.

பறப்பதையே வழியாக்கி, மேலிருந்து தண்ணீரும் கீழிருந்து காற்றும் விட்டுப் பார்த்தோம். குறைந்தது. ஆனால் அந்தக் காற்று மாடி வீட்டு ஜன்னலுக்குப் போகிறது. அவர்கள் சண்டைக்கு வந்தது நியாயமே.

இரும்புத் துகளும் இந்த ரசாயனத்தைச் சிதைக்கும். கனடாவின் போர்டன் ராணுவத் தளத்தில் 1991-இல் நிலத்துக்குள்ளேயே இரும்புத் துகள் சுவர் வைத்துச் சோதித்தார்கள். நாங்கள் கொண்டுவந்த லேத் பட்டறை இரும்புச் சுருளில் ஒட்டியிருந்த கட்டிங் ஆயில் போகவே இல்லை. கைவிட்டோம்.

இப்போது தேங்காய்ச் சிரட்டைக் கரி, இரண்டு தொட்டி வரிசையாக. கரியின் உறிஞ்சும் திறன் தீர்ந்தால் நிறமோ ருசியோ காட்டிக்கொடுக்காது. அதனால் நடுவில் ஒரு குழாய் வைத்திருக்கிறோம். அங்கே பிடித்த தண்ணீரில் சோதனையில் ரசாயனம் தெரிந்ததும் முதல் தொட்டிக் கரியை மாற்ற வேண்டும். அமெரிக்கக் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 5 மைக்ரோகிராமை இலக்காக வைத்திருக்கிறோம். அந்த அளவுக்குக் குறையும்வரை இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். கொதிக்க வைத்தால் ஆவி அடுப்படியில்தான் நிறையும். மூடிய குளியலறையில் வெந்நீர்க் குளியலும் அப்படியே.

மாதிரிக் குப்பிகள் இன்னும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில், தோசை மாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வீட்டில் பொங்கல்வரைதான் கெடு. பழைய ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் சங்கத்துக்குத் தந்து உதவவும்.

இப்படிக்கு,
செயலாளர்