பெட் ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரிஞ்சாலே கேன்சர்னு அர்த்தம் இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நுரையீரல் கேன்சர் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பெட் ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடும்னு ஒத்த வரில முடிச்சிட்டீங்களே, அதே நம்பிக்கைலதான் எங்க வீட்ல 12 நாள் அடுப்பே சரியா எரியல, அதான் எழுதுறேன்.

பெரியப்பாவுக்கு 67 வயசு, முப்பது வருஷ பீடி. ரெண்டு மாசமா இருமல், சி.டி.ல வலது நுரையீரல்ல மேல் பக்கமா ரெண்டரை சென்டிமீட்டர்ல ஒரு கட்டி, உடனே பெட் சி.டி., அதான் அந்த பெட் ஸ்கேன், எழுதிட்டாங்க. எங்க ஊர்ல கிடையாது, விடிகாலை பஸ் பிடிச்சு மதுரைக்குப் போனா சுகர் 260 இருக்கு, இன்னைக்கு எடுக்க முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வெறும் வயித்தோட வாங்கன்னு போன்ல சொன்னவங்க சுகர் இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கல. மனுஷன் முந்தின ராத்திரி பரோட்டா வேற சாப்பிட்டிருக்காரு.

காரணத்த அங்க இருந்த டெக்னீசியன் தம்பிதான் பொறுமையா சொன்னாப்ல. போடுற ஊசி சர்க்கரை மாதிரி ஒரு பொருளாம், அதுல ஃப்ளோரின்-18னு கதிரியக்கத்த ஒட்டி வச்சிருக்காங்க, கேன்சர் செல்லு சர்க்கரைய அள்ளித் தின்னும்ங்கறதால மருந்து அங்க போய் சேரும், கேமராவுல பளிச்சுன்னு தெரியும். ரத்தத்துல ஏற்கனவே சுகர் ரொம்பி நின்னா மருந்து உள்ள போக முடியாதாம், அதனால 200 தாண்டினாலே பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க. நாளைக்கு எடுத்துக்கலாம்னு அந்த மருந்த எடுத்து வைக்கவும் முடியாது, 110 நிமிஷத்துக்கு ஒருக்கா வீரியம் பாதியாகிடும்.

அடுத்த வாரம் எடுத்தாச்சு. ஊசி போட்டு ஒரு மணி நேரம் பேசாம கொள்ளாம தனி ரூம்ல படுக்க வச்சாங்க. ரிப்போர்ட் கைக்கு வந்துச்சு, கட்டி எவ்வளவு மருந்த இழுத்திருக்குன்னு காட்டுற எஸ்.யூ.வி. அளவு 7.4னு போட்டிருந்துச்சு. எங்க மாப்பிள்ளை ஒருத்தரு நெட்ல பாத்துட்டு 2.5க்கு மேல போனாலே கேன்சர்தான்னு ஃபேமிலி குரூப்ல போட, பெரியம்மா அன்னைக்கு சாயங்காலமே அழ ஆரம்பிச்சிட்டாங்க.

டாக்டர் பாத்துட்டு சொன்னது வேற. டிபி, பூஞ்சை, நிமோனியா, எதுவா இருந்தாலும் இப்படித்தான் பளிச்சுன்னு தெரியுமாம், ஏன்னா கிருமிய எதுத்து சண்டை போடற செல்லுக்கும் சர்க்கரைதான் தீனி. உலகத்துல உள்ள டிபி நோயாளிங்கள்ல நாலுல ஒருத்தர் நம்ம நாட்லதான இருக்காங்க, அப்ப இத முதல்லயே சொல்ல வேண்டாமா? இதுக்கு நேர்மாறாவும் நடக்குமாம், மெதுவா வளர்ற சில கேன்சரும் 8 மில்லிமீட்டருக்குக் கீழ உள்ள சின்ன கட்டியும் தெரியாமலே போயிடலாம். மூளை எப்பவுமே சர்க்கரைலதான் ஓடுது, அது எப்பவும் பளிச்சுன்னுதான் இருக்கும், அதனால மூளைக்குப் பரவியிருக்கான்னு பாக்க எம்.ஆர்.ஐ. தனியா எடுக்கணும்.

அப்ப எதுக்கு இவ்வளவு காசுன்னு நானே கேட்டேன். கேன்சர்னு உறுதியானா நெறிகட்டி, கல்லீரல், எலும்புன்னு எங்கெங்க பரவியிருக்குன்னு ஒரே தடவைல பாத்து ஆபரேஷன் பண்ணலாமா வேணாமான்னு முடிவு பண்ண, பயாப்சிக்கு, அதாவது கட்டில துளி சதை எடுத்து சோதிக்க, எந்த இடத்துல ஊசி குத்தணும்னு தெரிஞ்சுக்க இதவிட்டா ஆள் இல்லன்னாரு. என்ன நோய்னு பெயர் வைக்கிறது பயாப்சிதான்.

பயாப்சி பண்ணினாங்க, டிபின்னு வந்துச்சு.

ஐயா, உங்க மருத்துவப் பக்கத்துல ஒரு கால் பத்தி ஒதுக்கி, சுகர் மாத்திரைய என்ன பண்றதுன்னு முன்னாடியே டாக்டர்ட்ட கேளுங்க, முந்தின நாள் ஓடியாடி வேலை பாக்காதீங்க, எடுத்துட்டு வந்து சில மணி நேரம் கைக்குழந்தைய தூக்காதீங்க, இதையெல்லாம் தமிழ்ல போடுங்க. ஸ்கேன் சென்டர்ல குடுத்த பேப்பர் முழுக்க இங்கிலீஷு.

பெரியப்பா நல்லா இருக்காரு, மாத்திரை ரெண்டாவது மாசம் ஓடுது, ஒன்னுக்கு ஆரஞ்சு கலர்ல போகுதுன்னு மட்டும் தெனம் ஒரு பஞ்சாயத்து.

இப்படிக்கு
ஒரு வாசகர், விருதுநகர் மாவட்டம்