பிள்ளைகள் பேசும் தமிழில் ஆலோசகர் படிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் பயிற்சி பெற்ற ஆலோசகரோ, உளவியலாளரோ, சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்காக விடுதியில் தங்கியிருந்த 17 வயதுப் பெண் இறந்துபோன வழக்கில் வந்த தீர்ப்பு அது. அடுத்த மாதமே, உளவியல் படிப்பைத் தொலைநிலைக் கல்வியிலும் ஆன்லைனிலும் இனி நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. இரண்டும் நல்ல முடிவுகள் என்றே நினைக்கிறேன். ஆனால் இரண்டுக்கும் நடுவே எங்களைப் போன்ற சிற்றூர்க்காரர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் போளூரைச் சேர்ந்தவள். பதினோரு வருடம் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். 38 வயதில் எம்.எஸ்சி. கவுன்சிலிங் சைக்காலஜியில் சேர்ந்து, கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு இரண்டு வருடம் பஸ்ஸில் போய் வந்து முடித்தேன். முதல் வருடக் கட்டணத்துக்கு என் வளையல்கள் அடகுக்குப் போயின. "கவுன்சிலிங் படிக்கிறேன்" என்று சொந்தக்காரர்களிடம் சொன்னால், "இஞ்சினியரிங் கவுன்சிலிங்கா, யாருக்கு?" என்று கேட்டார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். மனநல ஆலோசகர் என்று விளக்கினால், "ஓ, புத்திமதி சொல்ற வேலையா" என்றார்கள். உண்மையில் அந்த இரண்டு வருடத்தில் நான் பாடுபட்டது புத்திமதி சொல்லாமல் இருக்கத்தான். ஒரு பிள்ளை அழும்போது "அழாதே, நல்லாப் படி, எல்லாம் சரியாயிடும்" என்று டீச்சர் வாய் தானாகத் திறக்கும். அதை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

பாடம் முழுக்க ஆங்கிலம். அதில் எனக்குக் குறையில்லை, புத்தகங்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் ஒருவர் ஆலோசகராகவும் இன்னொருவர் ஆலோசனை கேட்டு வந்தவராகவும் உட்கார்ந்து பேசிப் பழகும் ரோல் பிளேயும் ஆங்கிலத்திலேயே நடந்தது. "ஹவ் டிட் தட் மேக் யூ ஃபீல்?" என்று சரளமாகக் கேட்கப் பழகினோம். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் முன் உட்கார்ந்தபோது, அதைத் தமிழில் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் திணறினேன். "உங்கள் உணர்வு என்ன?" என்றா கேட்பது? "அப்போ மனசுக்கு எப்படிடா இருந்துச்சு?" என்ற வாக்கியம் என் வாயில் வர மூன்று நாள் ஆனது. என் தாய்மொழிதான். ஆனால் அதில் இந்த வேலையைச் செய்ய யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

களப்பயிற்சி ஓர் அரசுப் பள்ளியில். அறிவியல் ஆய்வகத்தின் மூலையில் இரண்டு ஸ்டூல் கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியை வகுப்பாசிரியை அனுப்பிவைத்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.) அப்பா, அம்மா இருவரும் செங்கல் சூளை வேலைக்குத் திருவள்ளூர்ப் பக்கம் போயிருந்தார்கள். பாட்டியோடு இருந்தாள். காலைப் பிரார்த்தனையில் அடிக்கடி மயங்கி விழுகிறாள், நடிக்கிறாள் என்பது புகார். என்னிடம் அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. தாவணி நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "மிஸ், நெஞ்சுக்குள்ள கல்லை வெச்சு அமுக்குற மாதிரி இருக்கு. ராத்திரி பாட்டி மூச்சு விடுதான்னு எழுந்து எழுந்து பார்ப்பேன்" என்றாள்.

நான் பதிவேட்டில் 'ஆங்சைட்டி' (பதற்றம்) என்று எழுதி, எதிரே ஒரு டிக் போட்டேன்.

எங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் அரசு மருத்துவமனையில் மனநலச் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்தப் பிள்ளை இந்த வார்த்தையையா சொல்லிச்சு?" என்று கேட்டார். நான் சொன்னேன். "அப்ப அதை எழுது. பாட்டி மூச்சு விடுதான்னு பாக்குறாங்கறதை எழுது. இல்லைன்னா அடுத்த வாரம் நீ எதைப் பத்திப் பேசுவே?" என்றார். அந்தப் பக்கத்தை மறுபடி எழுதினேன். பாட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று நானும் அவளும் உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று பேரின் போன் நம்பரை எழுதினோம். அந்தத் தாளை அவள் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தாள்.

அவரிடம்தான் இன்னொன்றும் கற்றேன். ஆலோசகர் ரகசியம் காக்க வேண்டும். ஆனால் பாலியல் கொடுமை என்று தெரிந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு. இதைப் பிள்ளை பேசத் தொடங்கும் முன்பே, பயந்து வாயை மூடிக்கொள்ளாதபடி சொல்ல வேண்டும். "நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன்னை யாராவது காயப்படுத்துறாங்கன்னா, உன்னைக் காப்பாத்தறதுக்கு நான் சொல்லித்தான் ஆகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." இதை இருபது தடவையாவது என்னைச் சொல்லவைத்துத் திருத்தினார். இதையெல்லாம் தபாலில் வரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால்தான் தொலைநிலைப் படிப்பை நிறுத்தியதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் எங்கள் எதிர்வீட்டுப் பெண் என்ன செய்வாள்? பி.எஸ்சி., பி.எட். முடித்து நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிறாள். இரண்டு குழந்தைகள். தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. சைக்காலஜி சேர ஒரு வருடமாகப் பணம் சேர்த்துவைத்திருந்தாள். வேலையை விட்டுவிட்டு வேலூருக்கோ சென்னைக்கோ போய்ப் படிக்க அவளால் முடியாது. அப்படிப் போய்ப் படிக்க முடிகிறவர்கள் ஜவ்வாது மலை விடுதிப் பள்ளிகளுக்கு வேலைக்கு வருவார்களா என்றும் யோசிக்க வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், நல்ல சேவை. ஆனால் பாட்டியின் பட்டன் போனை வைத்துக்கொண்டு, பாட்டி பக்கத்தில் படுத்திருக்கும்போது அந்தப் பிள்ளை யாரிடம் என்ன பேசும்?

அரசிடம் கேட்பது இதுதான். உளவியல் முதுகலையை மாவட்டத் தலைநகரக் கல்லூரிகளில் வார இறுதி நேரடி வகுப்பாகத் தொடங்குங்கள். ஆசிரியர்களுக்கென்று மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. வகுத்த ஓராண்டு ஆலோசகர் டிப்ளமோவில், சில மாதம் வீட்டிலிருந்து படிப்பு, சில மாதம் நேரடி வகுப்பு, பிறகு களப்பயிற்சி என்று பிரித்திருக்கிறார்கள். வேலையில் இருப்பவர்களும் படிக்கும்படி பாடத்தைப் பிரிக்க முடியும் என்பதற்கு அது போதும். பேச்சுப் பயிற்சியும் களப்பயிற்சிப் பதிவேடும் தமிழில் இருக்கட்டும். மேற்பார்வைக்கு, மாவட்ட மருத்துவமனைகளில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள். எங்கே நம் வேலை முடிகிறது, எப்போது மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதை அவர்களைப் போல் சொல்லித்தர வேறு ஆளில்லை. எம்.எஸ்சி. முடித்த நாங்கள் மருந்து எழுதுகிறவர்களும் இல்லை, கிளினிக்கல் சைக்காலஜிஸ்டும் இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தனிப் படிப்பும் பதிவும் வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் திருவண்ணாமலையிலும் செய்யாறிலும் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. போளூரிலிருந்து திருவண்ணாமலைக்கு விடிகாலையிலேயே பஸ் இருக்கிறது. சேர்த்த பணத்தை அவள் இன்னும் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
போளூர், திருவண்ணாமலை மாவட்டம்.