மெயில் நேரத்துக்கு வருமா என்று யாரும் எழுதுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த, இருபதாயிரம் ரூபாய்க்குள் எந்த போன் வாங்கலாம் என்ற கட்டுரையை எங்கள் ஆபீசில் ஒருத்தர் விடாமல் படித்துவிட்டு ஆளுக்கொரு போன் பெயரோடு என் மேசைக்கு வந்துவிட்டார்கள். இங்கே யார் போன் வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கமாகிவிட்டது, அது எப்படி என் தலையில் விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை. கட்டுரையில் கேமராவுக்கு அரைப்பக்கம் இருந்தது, கேம் ஆடினால் சூடாகுமா என்று இருந்தது, பின்பக்கம் என்னென்ன நிறத்தில் கிடைக்கும் என்பதுகூட இருந்தது. ஆபீஸ் மெயில் என்ற பேச்சே இல்லை. கடையிலும் இதே கதைதான். வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் மெயில் பற்றிக் கேட்டதற்கு அந்தத் தம்பி, “சார்வாள், மெயில்லாம் எல்லா போன்லயும் வரும், நீங்க கேமராவப் பாருங்க” என்றார்.

வரும்தான். எப்போது வரும் என்பதுதானே கேள்வி.

நாங்கள் இருப்பது பணகுடிப் பக்கம், காற்றாலைகளைப் பராமரிக்கும் சின்ன ஒப்பந்த நிறுவனம், ஊரில் காத்தாடி கம்பெனி என்பார்கள். எந்த மெஷின் நின்றது, எந்த ஃபீடரில், அதாவது மின்பாதையில், ஷட்டவுன், கேட்ட ஸ்பேர் எந்த லாரியில் ஏறியது, எல்லாம் மெயிலில்தான் வரும். வைகாசியில் காற்று எடுத்துவிட்டால் ஆவணி தாண்டும்வரை மெஷின் நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் யாருக்கோ நஷ்டம். காலையில் அனுப்பிய மெயில், மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து போனைத் திறந்த பிறகு மொத்தமாக வந்து விழுந்தால் ஏச்சு வாங்குவது களத்தில் நிற்கிற பையன்தான்.

டவர் சரியில்லை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பல நேரம் டவர் நன்றாகத்தான் இருக்கும். பேட்டரி ரெண்டு நாள் நிற்கும் என்று பெருமை பேசுவதற்காக, பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளைப் போனே தூங்க வைத்துவிடுகிறது, நாம் திரையைத் தொட்ட பிறகுதான் அவை எழுந்து சர்வரிடம் போய்க் கேட்கின்றன. ஷியோமி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்றவற்றில் ஆட்டோஸ்டார்ட் என்று, செயலி தானாக எழுந்து ஓட அனுமதிக்கும் ஒரு அமைப்பு இருக்கும், அதை மெயில் செயலிக்குத் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் ஸ்லீப்பிங் ஆப்ஸ் என்று ஒரு பட்டியல், அதில் மெயில் செயலி ஏறியிருந்தால் எடுத்துவிட வேண்டும். எந்த போனாக இருந்தாலும் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குள் போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றுவது நல்லது. சில போன்களில் மாற்றி வைத்தாலும் சாஃப்ட்வேர் அப்டேட் வந்ததும் பழையபடி ஆகிவிடும், அப்புறம் மறுபடி போய்ப் பார்க்க வேண்டியதுதான். புது போன் வாங்கிய அன்றே திரையை அணைத்து ஒரு மணி நேரம் தொடாமல் வைத்து, வேறொருவரை விட்டு ஒரு மெயில் அனுப்பச் சொல்லிப் பாருங்கள், விளம்பரம் சொல்லாததை அது சொல்லிவிடும்.

ஐபோன்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். ஐபோனோடு வருகிற மெயில் செயலியில் ஜிமெயில் கணக்கைப் போட்டால் அது உடனுக்குடன் வராது, குறிப்பிட்ட இடைவெளியில் போய் எடுத்துக்கொண்டுதான் வரும். ஜிமெயில் செயலியையே இறக்கிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. அதேபோல ஆண்ட்ராய்டின் ஜிமெயில் செயலிக்குள் கம்பெனியின் சொந்த முகவரியை ஐமேப் என்ற, சர்வரில் போய் மெயிலைப் பார்க்கும் பொதுவான முறையில் சேர்த்தால் கால் மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பார்க்கும். இதெல்லாம் போனின் குற்றம் இல்லை, ஆனால் திட்டு என்னவோ போனுக்குத்தான் விழுகிறது.

நம் பக்கம் அரிசி ஆலை, ஜவுளிக் கடை, டிராவல்ஸ் என்று பாதிப் பேர் இலவச ஜிமெயில் கணக்கைத்தான் ஆபீஸ் முகவரியாக வைத்திருக்கிறார்கள். அதில் கிடைப்பது 15 ஜிபி, மெயிலுக்கும் கூகுள் டிரைவில் வைக்கும் கோப்புகளுக்கும் போட்டோவுக்கும் சேர்த்து. 2021 ஜூன் மாதத்திலிருந்து புதிதாக ஏறுகிற போட்டோக்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. கோவில் கொடைக்குப் போய் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டையும் சாமியாட்டத்தையும் வீடியோ எடுத்தால், போன் அதைத் தானாகவே மேலே ஏற்றிவிடும். இடம் நிரம்பிய பிறகு மெயில் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. நமக்கு வரவேண்டிய ஆர்டர் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும், நாம் ‘பார்ட்டி ஏன் பேசவில்லை’ என்று உட்கார்ந்திருப்போம். ஆபீஸ் கணக்கில் போட்டோ பேக்கப்பை அணைத்துவிட்டு வீட்டுப் படங்களுக்கு வேறொரு கணக்கு வைத்துக்கொள்வது ரொம்ப நல்லது. அதோடு 256 ஜிபி உள்ள போனாகப் பார்த்து எடுத்தால் எதையும் அவசரப்பட்டு அழிக்க வேண்டியிருக்காது.

அடுத்தது, யாரும் பேசாத விஷயம். சொந்தக் காசில் வாங்கிய போனில் கம்பெனி மெயிலைப் போடச் சொல்கிறார்கள், நாமும் போடுகிறோம். போடும்போது திரையில் ஒரு நீண்ட அறிவிப்பு வரும், எல்லாரும் படிக்காமல் ‘ஆக்டிவேட்’ என்று அழுத்துவோம். தேவைப்பட்டால் இந்தப் போனில் இருக்கும் எல்லாத் தகவலையும் அழிக்க நிர்வாகிக்கு அனுமதி என்று அதில் ஒரு வரி இருக்கும். எங்களிடம் இப்போது வேலை பார்க்கும் ஒரு தம்பி முன்பு வேறொரு இடத்தில் இருந்தார். அங்கே வேலையை விட்ட மறுநாள் பஸ்ஸில் வரும்போது போன் தானாக அணைந்து எழுந்து, மொழியைத் தேர்வு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றது, புதுப் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி. மகளின் காதுகுத்துப் படங்கள், மாமா கடைசியாகக் கலந்துகொண்ட கல்யாணத்தின் வீடியோ, எல்லாம் போய்விட்டது. கம்பெனி மெயிலை மட்டும் எடுப்பதற்குப் பதில் அங்கே யாரோ முழுப் போனையும் துடைத்துவிட்டார்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆண்ட்ராய்டில் 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே ஒர்க் ப்ரொஃபைல் இருக்கிறது. ஆபீஸ் செயலிகள் தனி அறையில் இருக்கும், ஒவ்வொரு ஐகானிலும் சின்னதாக ஒரு பெட்டிப் படம் தெரியும். கம்பெனி அழித்தால் அந்த அறை மட்டும் காலியாகும், ஞாயிற்றுக்கிழமை நாமே அதை மூடி வைத்துக்கொள்ளவும் முடியும், அந்த ஒன்றுக்காகவே பல பேர் கேட்டு வாங்கலாம். நிறுவனம் அந்த அளவுக்கு ஏற்பாடு செய்யாவிட்டால், போனோடு வருகிற மெயில் செயலியில் போடாமல் அவுட்லுக் செயலிக்குள் மட்டும் ஆபீஸ் கணக்கைச் சேருங்கள், மெயில் சர்வரிலிருந்து அழித்தாலும் அந்தச் செயலிக்குள் இருப்பதுதான் போகும்.

முதலாளிமார்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 2020 ஏப்ரலிலிருந்து போனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. கம்பெனி பெயரில் பில் போட்டு ஆபீஸ் வேலைக்கு வாங்கினால், ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது தாங்கள் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். ஊழியர் சொந்தப் பெயரில் வாங்கினால் அந்த 18 சதவீதமும் அவர் தலையில். மெயில் கம்பெனியுடையது என்றால் போனும் கம்பெனியுடையதாக இருப்பதுதான் முறை.

எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்பதை உங்கள் கட்டுரை ஒரு வரியில் முடித்துவிட்டது, அதுவும் ஒரே ஒரு போனுக்கு. இதைத்தான் விலைக்கு அடுத்தபடியாகப் பார்க்கச் சொல்கிறேன். பெரிய கம்பெனிகளின் மெயில் சர்வர்கள் பழைய பேட்ச், அதாவது பழைய பாதுகாப்பு அப்டேட், உள்ள போனை உள்ளே விடாமல் வைக்க முடியும், போன் நன்றாக ஓடினாலும் மெயில் நின்றுவிடும். கூகுள் பிக்சல் 8 வரிசையிலிருந்தும் சாம்சங் எஸ்24 வரிசையிலிருந்தும் 7 ஆண்டு என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அந்த விலை நம்மில் பலருக்குக் கட்டாது. சாம்சங் ஏ16 மாதிரி நடுத்தர போனுக்கே 6 ஆண்டு என்று அறிவித்தார்கள், இந்தச் செய்தி கேமராவைவிடப் பெரிது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், இந்த ஆண்டுக் கணக்கு அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நாம் பில் போட்ட நாளிலிருந்து இல்லை. தீபாவளி ஆஃபரில் பாதி விலைக்குத் தள்ளிவிடும் பழைய மாடலில் ரெண்டு வருடம் ஏற்கெனவே கரைந்திருக்கும்.

மற்றதெல்லாம் சுருக்கமாகவே சொல்லலாம். ராம் 6 ஜிபியாவது இருக்கட்டும், பெட்டியில் 4+4 என்று போட்டிருந்தால் பின்னால் இருக்கும் 4 சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது, அதைக் கூட்டிப் பார்க்காதீர்கள். மெயிலுக்கு 5ஜி அவசியமே இல்லை, நல்ல 4ஜி போதும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், மிக மலிவான 5ஜி போன்களில் சில 4ஜி துணையில்லாமல் ஓடும் எஸ்.ஏ. முறையை மட்டும் பிடிக்கும், ஏர்டெல்லோ 4ஜியைச் சார்ந்து ஓடும் என்.எஸ்.ஏ. முறையில் 5ஜியைத் தொடங்கியது, ஆகவே உங்கள் சிம் எது என்று சொல்லி விசாரித்து வாங்குங்கள். மலையடிவாரத்தில் பிஎஸ்என்எல் சிம்மை நம்பி இருப்பவர்கள் 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தூரம் போகிற அலைவரிசை அது.

வெயிலும் காற்றும் நம் ஊர் விஷயம், சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு அது படாது. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வெளி வெப்பநிலை 35 டிகிரி வரைக்கும்தான், சித்திரையில் பாளையங்கோட்டையில் அது சாதாரண நாள். பைக் ஹேண்டிலில் போனை மாட்டிக்கொண்டு போனால் எந்த போனாக இருந்தாலும் சூடேறித் திரையை மங்கலாக்கிவிடும், சார்ஜும் ஏறாது. உச்சி வெயிலில் மெஷின் அடியில் நின்று மெயில் படிக்கிறவர்களுக்குத் திரை வெளிச்சம்தான் முதல் தேவை. அதில் ‘பீக்’ என்று போடும் நிட் (வெளிச்ச அளவு) கணக்கு திரையின் ஒரு மூலைக்கு மட்டும், ‘ஹை பிரைட்னஸ் மோட்’ என்ற, முழுத் திரைக்கும் கிடைக்கும் வெளிச்சக் கணக்கைக் கேளுங்கள். அப்புறம் ஆடிக் காற்றில் காவல்கிணறு பக்கம் நின்று பேசினால் எதிரே இருப்பவருக்கு ஊளைச் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. இரைச்சலைக் கழிக்கும் இரண்டாவது மைக் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், கடைக்கு வெளியே பஸ் போகும் ரோட்டில் நின்று ஒரு போன் போட்டுப் பாருங்கள். டெமோ பீஸை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள்தான், அதே மாடல் வைத்திருக்கும் கூட்டாளி யாராவது இல்லாமலா போவார்.

2023 டிசம்பர் 17, 18-ல் நம் பக்கம் வந்த வெள்ளத்தில் கரண்டும் டவரும் போய்க் கிடந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நேரத்தில் எந்த மெயிலும் முக்கியமில்லை, ரேடியோதான் முக்கியம். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் போன்களில் எஃப்எம் வசதியை எடுத்துவிடாதீர்கள் என்று மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. இன்டர்நெட் இல்லாமல் ஓடுகிற எஃப்எம், அதற்கு ஏரியலாக ஒயர் ஹெட்போன் மாட்டும் துளை, இந்த ரெண்டும் இருக்கிற போன்கள் இன்னும் குறைந்த விலையில்தான் அதிகம் கிடைக்கின்றன.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை போன்களை வரிசைப்படுத்தி அட்டவணை போடும்போது அப்டேட் எந்த ஆண்டு முடிகிறது, பூட்டி வைத்த போனில் மெயில் எவ்வளவு நேரம் கழித்து வந்தது, எந்தெந்த பேண்ட், எஃப்எம் உண்டா இல்லையா என்று நான்கு கட்டம் சேர்த்துவிடுங்கள், இடம் பற்றவில்லை என்றால் பின்பக்க நிறத்தை எடுத்துவிடலாம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு வந்தால் எங்கள் ஆபீசில் மட்டும் நாலைந்து பேர் அதைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள், என் மேசையும் கொஞ்சம் காலியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பணகுடி, திருநெல்வேலி மாவட்டம்.